விரிசலுக்குப் பதினோரு பூச்சு

இப்போதெல்லாம் ஜனங்கள் எதையும் பார்க்க வருவதில்லை, முதுகைக் காட்டத்தான் வருகிறார்கள். மூச்சிரைக்க மலை ஏறுகிறார்கள். ஏறின கையோடு கோட்டைக்கு முதுகைக் காட்டி நின்று, நீட்டிப் பிடித்த போனைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார்கள், இறங்கிப் போய்விடுகிறார்கள். பின்னால் இருந்தது கோட்டையா குதிரை லாயமா என்று கேட்டால் முழிப்பார்கள். கல்லைத் தொட்டுப் பார்த்தவன் ஒருத்தனாவது உண்டா? கடப்பாரையார் வாசலில் கால் மணி நேரம் நின்று எண்ணிப் பார்த்துவிட்டார். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள், ஒருத்தன் கூட இல்லை.

கடப்பாரை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. முப்பத்தெட்டு வருஷம் கட்டடம் இடிக்கிற வேலை பார்த்தவர் அவர். நெட்டுக்குத்தாக நிற்பார், வளைந்து கொடுக்க மாட்டார், எங்கே மூக்கை நுழைத்தாலும் எதையாவது நெம்பாமல் வெளியே எடுக்க மாட்டார் என்று கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். தலை நரைத்த பிறகு மரியாதைக்கு ஒரு 'யார்' வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்ததோடு சரி. சுவர் என்று வந்துவிட்டால், எழுதப்படித்தவன் பேப்பர் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே படித்துவிடுவார்.

அவர் இங்கே வந்தது கோட்டையைப் பார்க்க அல்ல, மகளுக்காக. கோட்டைக்கு நூறு படி கீழே இருக்கும் ஊரின் ஆஸ்பத்திரியில் மகள் நர்ஸ். அவளும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரே அறையில், அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு துணியைத் தொங்கவிட்டுக் குடித்தனம் நடத்துகிறார்கள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். நர்ஸ் ஊரைவிட்டுப் போய்விடுவாளோ என்று ஊர்க்காரர்களுக்குக் கவலை. கோட்டையின் காவல் கோபுரத்துக்கு நேர் கீழே வரிசையாக ஏழு வீடுகள். அதில் கடைசி வீட்டிலிருந்த தையல்காரர் நகரத்துக்குப் போய்விட்டதால் வீடு காலி. அதை வாடகையில்லாமல் எடுத்துக்கொள், குழந்தையை அங்கே வைத்து வளர்த்துக்கொள், சாயங்காலத்துக்குள் பதில் சொல்லிவிடு, இன்னொருத்தரும் கேட்கிறார் என்று சொல்லியிருந்தார்கள்.

"நீங்க பாத்து சரின்னு சொன்னாத்தான் நான் சாமானை எடுப்பேன்ப்பா" என்று மகள் போனில் சொன்னாள். சும்மா கிடைக்கிற வீடு என்ற உடனேயே கடப்பாரையாருக்கு உடம்பெல்லாம் அரித்தது. முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார்.

"வீட்டைப் பாக்கலாம் வாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. மின்சார வேலை செய்கிறவர், சாந்தமான மனுஷர், எதற்கும் ஒரு சமாதானம் கையில் வைத்திருப்பார்.

"வீடு எங்கயும் ஓடிடாது. அது தலைக்கு மேல என்ன நிக்குதுன்னு மொதல்ல பாக்கலாம்" என்று கடப்பாரையார் மேலே ஏறிவிட்டார். மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

கோட்டை வாசலில் டிக்கெட் கிழிக்கிற அம்மாள்தான் சுற்றிக் காட்டுகிறவளும். அந்த ஏழு வீட்டில் இரண்டாவது வீட்டுக்காரி. தொண்டையிலேயே ஒலிபெருக்கி வைத்திருந்தாள்.

"முன்னூறு வருஷத்துக்கு முந்தி ஒரே நாள்ல விழுந்த கோட்டைங்க இது! கீழேர்ந்து எதிரிங்க நாப்பது பீரங்கி வெச்சு, காலையில ஆரம்பிச்சு பொழுது சாயறதுக்குள்ள தரைமட்டம் ஆக்கிட்டாங்க!"

போன் பிடித்திருந்தவர்கள் 'ஐயோ' என்றார்கள். கடப்பாரையார் சுவரிலிருந்து கையை எடுக்காமலேயே கேட்டார்:

"ஏம்மா, அந்தப் பீரங்கிக்குக் கண்ணு இருந்துச்சா?"

"என்ன பெரியவரே?"

"மூலைக்கல்லா பாத்துப் பொறுக்கியிருக்கே. ஜன்னல் நிலைக்கல்லு ஒண்ணு கூட மிச்சமில்ல. நடுவுல அடைச்ச உருட்டுக்கல்லு மட்டும் அப்படியே கெடக்கு. குண்டு பட்டா கல்லு செதறும், சில்லு சில்லா போகும். இங்க ஒரு சில்லைக் காட்டு பாப்போம். இது அடிச்சு விழுந்தது இல்ல. சாரம் கட்டி, கயிறு போட்டு, மேலேர்ந்து வரிசை வரிசையா கழட்டி எறக்கினது. நல்ல வேலைக்காரங்க. நானா இருந்தாலும் இப்படித்தான் எறக்கியிருப்பேன்."

அந்த அம்மாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். மற்றவர்கள் நகரும்வரை காத்திருந்து, ஒலிபெருக்கியைப் பாதியாகக் குறைத்தாள்.

"எழுதிக் குடுத்ததை நான் சொல்றேன். என் வயித்துல அடிச்சிடாதீங்க. கீழ போய் எங்க வீட்டுச் சுவரைப் பாருங்க, எல்லாம் புரியும்."

"திருட்டுக் கல்லா?"

"திருட்டு என்ன திருட்டு? ராஜா போயிட்டான், கல்லு இருந்துச்சு."

அந்தப் பதில் கடப்பாரையாருக்குப் பிடித்துப்போனது. அப்புறம் இருவரும் ஏதோ ஒன்றுவிட்ட உறவுக்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டே நடந்தார்கள். இது சமையல்கூடமா, ஆமாம். இந்தக் குழி எதற்கு, தெரியாது, சின்ன வயதில் நாங்கள் ஒளிந்து விளையாடுவோம். இந்தப் படி ஏன் இவ்வளவு தேய்ந்திருக்கிறது, அதை யாரும் கேட்டதேயில்லை. கடப்பாரையார் உட்கார்ந்து அந்தத் தேய்மானத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இடது பக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது. இறங்குகிறவன் சுவரை ஒட்டி இறங்கியிருக்கிறான், அப்படியென்றால் கையில் பாரம் இருந்திருக்கிறது. தண்ணீராக இருக்கும். கிணறு கீழேதான் இருக்க வேண்டும் என்று முணுமுணுத்தார். இருந்தது. அந்த அம்மாள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

கடைசியில் காவல் கோபுரத்துக்கு வந்தார்கள். மலையில் முழுசாக நின்றது அது ஒன்றுதான்.

"இதை மட்டும் ஏன் விட்டு வெச்சாங்க?"

"எடுத்தா மலைக்காத்து நேரா வீட்டுக்குள்ள வருமாம். அதுக்காகக் கெடக்கட்டும்னு விட்டாங்களாம்."

கோபுரத்தின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு விரிசல் ஓடியது. மேலே கையை விடலாம், கீழே வரவர மெலிந்து நூலாகியது. உள்ளேயிருந்து புல் எட்டிப் பார்த்தது. கடப்பாரையார் மாப்பிள்ளையிடம் ஒரு துண்டு ஒயர் வாங்கி, ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நாலு விரற்கடை சாய்ந்திருந்தது. சாய்ந்த பக்கத்தில், நேர் கீழே, ஏழாவது வீட்டின் கூரை.

"கட்டறப்பவே அப்படிக் கட்டியிருப்பாங்க மாமா."

"யாரு, குடிச்சிட்டா?"

மகள் சிரிக்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதே கண்ணு" என்றாள் டிக்கெட் அம்மாள். "நாப்பது வருஷத்துக்கு முந்தியே ஒரு பொறியாளர் வந்து இதுக்கு வழி பண்ணிட்டுப் போனார். அடிவாரத்து அறைக்குள்ள, விரிசலுக்குக் குறுக்க ஒரு சாண் நீளத்துக்குச் சுண்ணாம்புக் காரை பூசி, காயறதுக்குள்ள ஆணியால தேதி கீறினார். 'இந்தப் பூச்சு வெடிச்சா கோபுரம் அசையுதுன்னு அர்த்தம். அன்னிக்கே ஏழு வீட்டையும் காலி பண்ணுங்க. யாரும் தொடாதீங்க, பாருங்க, அவ்வளவுதான்'னு சொல்லிட்டார். வருஷத்துக்கு ஒரு வீடு சாவி வெச்சிருக்கணும். மாசம் பொறந்தா போய்ப் பாக்கணும். நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஒரு மயிரிழை விழணுமே!"

"நாப்பது வருஷமாவா?"

"நாப்பது வருஷமா."

"என் மூஞ்சியில நாப்பது வருஷத்துல எத்தனை கோடு விழுந்திருக்கு பாரு. வெயில்லயும் குளிர்லயும் காயற காரையில ஒரு மயிரிழை கூடவா விழலை?" கடப்பாரையார் ஒயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "சாவி யார்கிட்ட?"

சாவி மூன்றாவது வீட்டில், சலூன்காரரிடம். கீழே இறங்கினார்கள். ஊர்த் தெருவில் கடப்பாரையாரை நகர்த்துவது பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு சுவரிலும் நின்றார். அம்பு எய்கிற சந்து ஒன்று குளியலறை ஜன்னலாகியிருந்தது. சிங்க முகம் செதுக்கிய கல்லை ஒருத்தர் தலைகீழாக வைத்துக் கட்டி, சிங்கத்தின் வாய்க்குள் துணி காயப்போடும் கம்பியைச் செருகியிருந்தார். ஒரு வீட்டு வாசற்படியில் தரை ஓரமாக ஏதோ எழுத்து வெட்டியிருந்தது, பாதி. மீதி எதிர்வீட்டுச் சுவரில் இருந்தது.

"ரெண்டு வீட்டுக்காரங்களும் பேசிக்கிறதில்ல. அதனால என்ன எழுதியிருக்குன்னு யாருக்கும் தெரியாது" என்றாள் டிக்கெட் அம்மாள்.

சலூன் என்பது மூன்றாவது வீட்டின் முன்னறைதான். ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி. நாற்காலியில் ஐந்தாவது வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், இரண்டு கன்னத்திலும் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். சலூன்காரர் வலது கன்னத்தை முடித்து இடது கன்னத்துக்கு வந்த நேரம்.

"சாவியா? எதுக்கு?"

"நம்ம நர்ஸம்மாவோட அப்பா. பூச்சைப் பாக்கணுமாம்" என்றாள் டிக்கெட் அம்மாள்.

"அதுல பாக்க என்ன இருக்கு? போன மாசம்கூட நான் பாத்தேனே. கண்ணாடி மாதிரி இருக்கு."

"கண்ணாடி மாதிரின்னா அவசியம் பாக்கணும்" என்றார் கடப்பாரையார்.

சலூன்காரர் கத்தியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். சாவியை எடுக்க உள்ளே போனவர் வர நேரமானது. டிரைவர் இடது கன்னத்து நுரையோடு எழுந்து நின்றார்.

"நானும் வரேன். இவன் எப்ப திரும்பி வருவானோ, யாருக்குத் தெரியும். அரை மூஞ்சியோட உக்காந்திருக்க என்னால ஆகாது."

"அரை மூஞ்சியோட தெருவுல வர மட்டும் ஆகுமாண்ணே?" என்றாள் டிக்கெட் அம்மாள்.

மறுபடி மேலே ஏறினார்கள். கோபுரத்து அடிவாரத்து அறைக்குக் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே வௌவால் வாடை. மாப்பிள்ளை டார்ச் அடித்தார். சுவரில், நெஞ்சு உயரத்தில், விரிசலுக்குக் குறுக்கே ஒரு சாண் நீளத்தில் வெள்ளையாக ஒரு பட்டை. அதில் தேதி அழகாகக் கீறியிருந்தது. ஒரு வெடிப்பு இல்லை.

"பாத்தாச்சா? போலாமா?" என்றார் சலூன்காரர்.

கடப்பாரையார் முதலில் மூக்கை வைத்தார். அப்புறம் விரல் முட்டியால் தட்டினார். அதன் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். காரைப் பூச்சு ஒரு விரல் கனம் இருந்தால் அதிகம். இது சுவரிலிருந்து மூன்று விரல் துருத்திக்கொண்டு, வீங்கின கன்னம் மாதிரி நின்றது.

"மாப்பிள்ளை, சுவருக்கு அடிக்கிற இந்த வெள்ளைப் பட்டி, அதான் பெயின்ட்டுக்கு முந்தி பூசறாங்களே, அது இந்தப் பக்கம் எத்தனை வருஷமா புழங்குது?"

"ஒரு பதினஞ்சு வருஷம் இருக்கும் மாமா."

"அப்ப நாப்பது வருஷத்துக்கு முந்தி வந்தவர் பட்டியை எங்கேர்ந்து கொண்டாந்தார்?"

வெளியே யாரோ படம் எடுத்துக்கொண்டு சிரிப்பது கேட்டது.

"அது போகட்டும். சுவர்லேர்ந்து கல்யாண வீட்டு வாசனை வருதே, அது எப்படி?"

சலூன்காரர் தரையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. "பவுடருங்க" என்றார் மெல்லிய குரலில். "கலர் சேரலை. அதான் கொஞ்சம் மூஞ்சிப் பவுடர் கலந்தேன்."

"அடப்பாவி!" என்று டிக்கெட் அம்மாள் கையை ஓங்கினாள். "தொடக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கு, நீ பூசி வெச்சிருக்கியா?"

"மயிரிழைதான்க்கா விழுந்துச்சு! அதைப் போய் ஊரைக் கூட்டிச் சொன்னா, ஏழு வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. எல்லாரும் என்னைத்தானே திட்டுவீங்க? நாப்பது வருஷமா வெடிக்காதது இவன் கையில சாவி வந்த வருஷம் வெடிச்சிடுச்சுன்னு பேசுவீங்களா மாட்டீங்களா? நான் ஒருத்தன்தான், ஒரே ஒரு தடவைதான். என் புள்ளைங்க மேல ஆணை."

கடப்பாரையார் மடக்குக் கத்தியை எடுத்து ஓரத்தைச் சுரண்டினார். பவுடர் வாசனைப் பூச்சு ஒரு தகடாகப் பெயர்ந்து வந்தது. அதன் அடியில் இன்னொரு வெள்ளை. அதிலும் அதே தேதி, அதே இடத்தில். நடுவே ஒரு மயிரிழை.

"இதை யாரு பூசினது?"

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். காய்ந்த நுரையோடு அவர் முகம் பாதி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரியே இருந்தது. "அது வந்து... எனக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்த வருஷம். அந்த நெலமையில வீடு மாத்த முடியுமா, சொல்லுங்க?"

"நீங்களுமாண்ணே!"

"கத்தாதேம்மா. அடியில இன்னும் இருக்கு" என்றார் கடப்பாரையார்.

அவருக்கு வந்த காரியம் மறந்துவிட்டது. கத்தி முனையை நுழைத்து, தகடு தகடாகக் கழற்றி, மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாப்பிள்ளை அவற்றை ஜன்னல் மேடையில் வரிசையாக அடுக்கினார். சிமென்ட்டு ஒன்று. வெள்ளைச் சிமென்ட்டு ஒன்று. செங்கல் தூள் கலந்து, அப்புறம் மேலே சுண்ணாம்பு அடித்த ஒன்று. அதைக் கண்டதும் டிக்கெட் அம்மாளின் சத்தம் நின்றது.

"இது எங்க மாமியார் வேலை" என்றாள். "சாகறப்ப என் காதுல சொன்னாங்க. 'நான் பூசிட்டேன், யார்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னு. அவங்க ஒருத்தர்தான்னு நெனச்சு நானும் இத்தனை நாளா..." முந்தின தகட்டைத் தொட்டு, "அதுக்கு மேல இருக்கறது எங்க வீட்டுக்காரர்" என்றாள்.

"உங்க வீட்ல மட்டும் ரெண்டா?" என்று சலூன்காரர் துள்ளினார். "என்னை அடிக்க வந்தியேக்கா!"

மேடையில் அடுக்கிய மூன்றாவது தகட்டில் சின்னச் சின்ன நூல் துணுக்குகள் இருந்தன. பூச்சு பிடிக்க வேண்டும் என்று யாரோ நூலை நறுக்கிக் கலந்திருக்கிறார்கள். சொல்லாமலேயே எல்லோருக்கும் புரிந்தது. தையல்காரர். மகள் அந்தத் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதனாலதான் வீட்டை விட்டுப் போனாரா?"

"சேச்சே, பையன் கூப்பிட்டான்னு போனார்" என்றார் சலூன்காரர்.

"பையன் எத்தனை வருஷமா கூப்பிட்டுக்கிட்டு இருந்தான்?" என்று கேட்டார் கடப்பாரையார்.

"பன்னெண்டு வருஷமா."

"ஆக, பன்னெண்டு வருஷம் காது கேக்கலை. பூசினப்புறம் கேட்டுடுச்சு."

கடைசிப் பூச்சுக்கு வந்தார்கள். பதினோராவது. கொரகொரப்பான, பழுத்த மஞ்சள் நிறக் காரை. இதுதான் பொறியாளர் பூசியது. தேதி கோணலாக, அவசரமாகக் கீறியிருந்தது. மேலே இருந்த பத்துப் பேரும் அவரைவிட அழகாகக் கீறியிருந்தார்கள். அதன் நடுவே விரிசல் ஓடியது.

மாப்பிள்ளை சமாதானத்தை எடுத்தார். "இருங்க மாமா. பூச்சு வெடிச்சா கோபுரம் நகருதுன்னு ஏன் நெனைக்கணும்? காரை காயறப்ப தானாவே சுருங்கும், வெடிக்கும். இதோ அண்ணன் கன்னத்தைப் பாருங்க."

டார்ச் வெளிச்சம் டிரைவரின் இடது கன்னத்துக்குப் போனது. காய்ந்த சோப்பு நுரை குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது.

"சோப்பு வெடிச்சிருக்கு. அதுக்காக இவர் தாடை நகருதுன்னு சொல்லுவோமா?"

டிரைவர் சந்தேகத்தோடு தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மகள் முதல்முறையாகச் சிரித்தாள். கடப்பாரையாருக்கும் இந்தப் பேச்சு சட்டென்று தள்ளிவிட முடியாததாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையை இதுவரை இவ்வளவு கவனமாக அவர் பார்த்ததில்லை.

"நல்ல கேள்வி" என்றார். "சுருங்கி வெடிச்சிருந்தா, மேல இருக்கற பூச்சு அத்தனையிலயும், அடியில இருக்கறதுலயும், வெடிப்பு ஒரே அளவா இருக்கும். நகர்ந்திருந்தா அடியில இருக்கறதுல அதிகமா இருக்கும். நாப்பது வருஷ நகர்வையும் அது ஒண்ணுதானே தாங்கியிருக்கு. பிளேடு இருக்கா?"

சலூன்காரர் சட்டைப் பையிலிருந்து புது பிளேடுகளை எடுத்துக் கொடுத்தார். கடப்பாரையார் மேல் தகடுகளின் மயிரிழையில் பிளேடை வைத்து அழுத்தினார். எதிலும் நுழையவில்லை. அப்புறம் அடிப் பூச்சின் வெடிப்பில் வைத்தார். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. இரண்டு பிளேடைச் சேர்த்து வைத்தார். கொஞ்சம் தயங்கி, இறங்கியது. மூன்றைச் சேர்த்து வைத்தார். இறங்கவில்லை. இடம் மாற்றி வைத்தார். அங்கேயும் இறங்கவில்லை.

"ரெண்டு பிளேடு" என்றார்.

"நாப்பது வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு பிளேடா!" சலூன்காரருக்கு உயிர் வந்தது. "நான்கூட பயந்தே போயிட்டேன். இந்தக் கணக்குல போனா இன்னும் நூறு வருஷம் ஆனாலும் ஏழு பிளேடு!"

"கட்டடம் கணக்குப் போட்டு விழாதுய்யா." கடப்பாரையார் கத்தியை மடக்கினார். "ஒரு தண்ணித் தொட்டியை மூணு நாள் அடிச்சோம். அசையலை. நாலாம் நாள் டீ குடிக்க உக்காந்தோம், கேக்காம கொள்ளாம விழுந்துச்சு. என் இடது கால்ல ரெண்டு விரல் அதோட போச்சு. இன்னொரு வீட்டுச் சுவர், ஊதினா விழும்னு சொன்னாங்க. எட்டு மாசம் எங்களை அழ வெச்சுட்டுத்தான் விழுந்துச்சு."

மகள் அவருக்கு நேராக வந்து நின்றாள்.

"அப்பா, எனக்குச் சுத்தி வளைக்காம சொல்லுங்க. விழுமா, விழாதா?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். இந்தக் கேள்வியை அவரிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், முதலாளிகள், மேஸ்திரிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒருதடவை கூட யோசித்துப் பதில் சொன்னதில்லை அவர். இப்போது சுவரில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"தெரியலைம்மா" என்றார்.

மகள் தலையாட்டினாள். அவள் முகம் ஏனோ தெளிந்துபோயிருந்தது.

"அப்ப நான் வீட்டை எடுத்துக்கறேன்."

"என்னது?"

"ஆஸ்பத்திரியில தெனம் பாக்கறேன்ப்பா. கட்டி இருக்குன்னு தெரிஞ்சவங்களை வருஷக்கணக்கா பாத்துக்கிட்டே ஓட்டிடலாம். ஒண்ணுமில்லைன்னு துணியைப் போட்டு மூடிக்கிட்டு வர்றவங்களைத்தான் காப்பாத்த முடியாது. ரெண்டு பிளேடு நகர்ந்திருக்கு. சரி. மூணாவது எப்ப நகருதுன்னு பாப்போம். நகர்ந்த அன்னிக்கு நான் மணியடிச்சு எல்லாரையும் வெளிய கொண்டாந்துடறேன். இவங்க யாரும் பாக்கலை, அதான் தப்பு. நான் பாக்கறேன்."

"நீயும் பூசுவே" என்றார் கடப்பாரையார்.

"அப்பா!"

"பூசுவேம்மா. இன்னிக்கு மாட்டே. நாளைக்கு அந்த வீட்ல புள்ளை தவழும், கொல்லையில ஒரு மரம் வெச்சிருப்பே, இவருக்கு இங்கயே வேலை நெலைச்சிருக்கும். ஒரு நாள் காலையில ஒரு மயிரிழை தெரியும். இதுக்குப் போயா எல்லாத்தையும் விட்டுட்டுப் போறதுன்னு தோணும். இவங்க என்ன கெட்டவங்களா? மாமியார், டிரைவர், தையல்காரர். எல்லாரும் உன்னை மாதிரி நல்லவங்கதான்."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் 'பூச மாட்டேன்' என்று அவள் சொல்லவில்லை. அதைக் கடப்பாரையார் கவனித்தார். தன் மகள்தான் என்று நினைத்துக்கொண்டார்.

விரிசலில் ஒரு சாண் அளந்து பார்த்தவர், "ஈரக் காரை கிடைக்குமா?" என்று கேட்டார்.

நாலாவது வீட்டில் கொல்லைச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஓடிப்போய் ஒரு சட்டி சுண்ணாம்புக் காரையும் ஒரு கரண்டியும் வாங்கி வந்தார். கடப்பாரையார் பொறியாளரின் பூச்சைத் தொடவில்லை. அதற்கு ஒரு சாண் மேலே, விரிசலின் இரண்டு பக்கமும் கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தண்ணீர் தெளித்து, புதுசாக ஒரு பட்டை பூசினார். வாழ்நாள் முழுக்க இடித்தவர் கை, பூசும்போது கொஞ்சம் தடுமாறியது.

"தேதி போடணுமே, ஆணி வேணுமா?" என்றார் டிரைவர்.

"ஆணி எதுக்கு? அவர் படிச்சவர், தேதி கீறினார். அதைப் பத்துப் பேரு அச்சா காப்பி அடிச்சீங்க." கடப்பாரையார் வலது கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஈரக் காரையில், சரியாக விரிசல் ஓடுகிற இடத்துக்கு மேல், அழுத்தி எடுத்தார். ரேகை ஒவ்வொன்றும் பதிந்தது. நடுவில் ஒரு பழைய வெட்டுக்காயத் தழும்பு குறுக்கே போனது, அதுவும் பதிந்தது. "கூலி வாங்கறப்ப கைநாட்டு கைநாட்டுன்னு சிரிப்பானுங்க. இதை எவனாவது காப்பி அடிக்கட்டும் பாப்போம்."

சலூன்காரர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். டிக்கெட் அம்மாளும் குனிந்து பார்த்தாள்.

"இனிமே வெடிச்சா வெடிச்சதுதான்" என்றாள் டிக்கெட் அம்மாள், ஒலிபெருக்கி இல்லாத குரலில்.

"வெடிச்சா வெடிச்சதுதான்."

"பூச முடியாது."

"பூசினா எனக்குத் தெரிஞ்சிடும். மாசாமாசம் வந்து விரலை வெச்சுப் பாப்பேன்."

சாவியை யார் வைத்துக்கொள்வது என்பதற்குக் கொஞ்சம் இழுபறி நடந்தது. கோபுரத்துக்குக் கீழே குடியிருக்கிற யார் கையிலும் இருக்கக் கூடாது என்று கடப்பாரையார் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் ஊரின் மறுகோடியில் இருக்கும் தபால்காரரிடம் கொடுப்பதென்று முடிவானது. அவருக்கும் இந்த ஏழு வீட்டுக்காரர்களுக்கும் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் பகை. விழட்டும் என்று காத்திருப்பவன்தான் சரியாகப் பார்ப்பான் என்று கடப்பாரையார் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

அப்புறம்தான் வீட்டைப் பார்க்கப் போனார்கள். நல்ல வீடு. அதுதான் அவருக்கு எரிச்சல். மூன்று அறை, காற்று, வெளிச்சம், அடுக்களையில் கைக்கெட்டும் உயரத்தில் கல் அலமாரி. கதவு நிலை கோட்டையிலிருந்து வந்த ஒரே கல், நானூறு வருஷம் ஆகியும் ஒரு நூல் பிசகாமல் நின்றது. அதை அவர் இரண்டு தடவை தடவிப் பார்த்ததை மகள் பார்த்துவிட்டாள்.

"பின் அறையில கட்டில் போடாதே. தொட்டில் கட்டாதே. அங்க வெறகு போடு, பழைய சாமான் போடு, மனுஷங்க வேண்டாம்."

"சரிப்பா."

"முன் கதவைத் தாழ்ப்பாள் போட்டா ஒரே இழுப்புல தெறக்கற மாதிரி போடச் சொல்லு."

"நானே போட்டுடறேன் மாமா."

"ஒரு நாள் தங்கிட்டுப் போங்களேன்ப்பா. காலையில போலாம்."

"கடைசி பஸ் இருக்கு" என்றார் கடப்பாரையார்.

பஸ் நிற்கிற இடம்வரை மாப்பிள்ளை கூடவே வந்தார். மாமனார் காலை இழுத்து நடக்கிற நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, வழியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார். பொறியாளர் ஒருத்தரை மறுபடி வரவழைக்க மனு எழுதிப்போடலாம் என்றார். மழைக்காலத்தில் பக்கத்து ஊரில் போய் இருந்துகொள்கிறோம் என்றார். இதே கோபுரம் நானூறு வருஷம் நின்றிருக்கிறதே என்றார்.

"நின்னதெல்லாம் நிக்கும்னு யார் சொன்னது?"

"விழும்னும் யாரும் சொல்லலையே மாமா. நீங்களே தெரியலைன்னுதானே சொன்னீங்க?"

கடப்பாரையார் நின்றார். இவன் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று தோன்றியது. திரும்பி மேலே பார்த்தார். சாயங்கால வெயில் பட்டுக் கோபுரம் பார்க்கச் சாதுவாக இருந்தது. கீழே ஏழாவது வீட்டின் முன்னறையில் மகள் விளக்குப் போட்டிருந்தாள். இங்கிருந்து பார்த்தால் சாய்வு தெரியவேயில்லை. தெரியவில்லை என்பதே அவருக்குப் பிடிக்கவில்லை.

"மனசு சமாதானம் ஆச்சா மாமா?"

"ஆகலை" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.